முதல் பக்கத்தில் இல்லாத பெயர்

குன்சான்
17 மார்ச் 2013

அண்ணாவுக்கு போரா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டதா, அந்த மலையில் பனி கரைந்ததா என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை பட்டாள போனுக்கு வரிசையில் நின்று நீ பேசுகிற கொஞ்ச நேரமும் அம்மாவுக்கே போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் காகிதம்.

கல்லூரி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. இந்தப் பருவத்தில் போனுக்கு ஆப் செய்யக் கற்றுத் தருகிறார்கள். பயந்துவிடாதே, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. திரையில் வண்ண வண்ணக் கட்டைகள் இருக்கும். 'பட்டனைத் தொட்டால்' என்று ஒரு கட்டை, 'செய்தி அனுப்பு' என்று ஒரு கட்டை. இரண்டையும் மவுஸால் இழுத்துப் பொருத்தினால் வேலை முடிந்தது. நாம் செய்தது அப்படியே போனில் ஓடும்.

ஊரில் படிக்க வரும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் இல்லையா, அதனால் பேராசிரியர்கள் கடை கடையாக ஏறி இறங்கி ஆள் பிடித்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஐம்பது வயது அம்மா ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் இழுக்கிற கட்டையெல்லாம் திரையின் மூலையில் இருக்கிற குப்பைத்தொட்டியில் போய் விழும். "சார், என்னோடது மறுபடியும் காணாமப் போச்சு" என்று குரல் கொடுப்பார். வகுப்பே சிரிக்கும்.

சீட்டுக் குலுக்கி நாலு நாலு பேராக அணி பிரித்தார்கள். எங்கள் அணித் தலைவர் கூ சீனியர், கட்டாயப் பட்டாள சேவை முடித்துப் படிப்புக்குத் திரும்பி வந்தவர். அடுத்து அராம் என்கிற பெண், அப்புறம் நான். நாலாவதாக அந்த அம்மா. என் அதிர்ஷ்டத்தைப் பார்.

அம்மா கடையைப் பற்றிக் கவலைப்படாதே. தொடுகறி எல்லாம் மத்தியானத்துக்குள் விற்றுவிடுகிறது. நன்றாகச் சாப்பிடு, காலுறையைத் துவைத்துப் போடு.

உன் தங்கை போரா


யாங்கு
31 மார்ச் 2013

அடி போரா, உன் கடிதம் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, பனிதான் போகவில்லை. அள்ள அள்ள விழுகிறது. என்னைப் பட்டாளத்துக்கு எடுத்தார்களா, வாசல் பெருக்க எடுத்தார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

உன் அணியைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். படுக்கை அறையில் சத்தமாக வேறு வாசித்துக் காட்டினேன். "கட்டை காணாமப் போச்சு" என்பது இப்போது எங்கள் பிரிவில் பழமொழி ஆகிவிட்டது. யாராவது எதையாவது தொலைத்தால் அதைத்தான் சொல்கிறோம். பேரன் பேத்தியைக் கொஞ்சுகிற வயதில் அந்த அம்மாளுக்கு எதற்கடி இந்த வேண்டாத வேலை? ஜாக்கிரதை, உன் மதிப்பெண்ணும் சேர்ந்து குப்பைத்தொட்டிக்குப் போகும்.

ஒன்று கேட்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதிசயமாக போன் கிடைத்தது. கடைக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அம்மா எங்கே போனாள்? முட்டிவலி ஜாஸ்தியா? என்னிடம் மறைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவை அதைவிடப் பார்த்துக்கொள்.

அண்ணன் கியூசான்


குன்சான்
21 ஏப்ரல் 2013

அண்ணாவுக்கு வணக்கம். பதில் தாமதம், கோபிக்காதே. இடைத்தேர்வு இருந்தது. நானும் அம்மாவும் நலம். செவ்வாய்க்கிழமை சந்தைக்காரர்கள் கூட்டமாம், அம்மா அதற்குப் போயிருந்தாள். முட்டி நன்றாகவே இருக்கிறது.

எங்கள் அணி ஆப் முடிவாகிவிட்டது. இருட்டிய பிறகு வீடு போய்ச் சேருகிற பெண்களுக்கு. பட்டனைத் தொட்டால் போனில் இருக்கிற பெயர்ப் பட்டியல் விரியும், ஒருவரைத் தொட்டால் 'வந்துட்டேன்' என்று அவருக்குச் செய்தி போய்விடும். பட்டனைச் செய்யும் பொறுப்பை அந்த அம்மாவுக்குக் கொடுத்தோம். அவர் திரை முழுக்க ஒரே பட்டனாகச் செய்துகொண்டு வந்தார். "கண்ணாடி போடாமலே தெரியணும்ல" என்றார். அராம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூ சீனியர் மரியாதையாக வாங்கிக்கொண்டு, அவர் போனதும் அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தார்.

போன வாரம் பெரிய டப்பாவில் எள்ளிலை ஊறுகாயும் சோறும் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். அறை முழுக்கப் பூண்டு வாசனை. எல்லோரும் "அம்மா, அம்மா" என்று சுற்றி நின்று சாப்பிட்டார்கள். பெரியவர்களை அப்படித்தானே கூப்பிடுவோம். நான் எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

உன் பிரிவில் இதை வாசித்துக் காட்டாதே, அண்ணா. தயவுசெய்து.

வெயில் வந்துவிட்டது. அங்கேயும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

போரா


யாங்கு
1 மே 2013

போராவுக்கு, நான் சுகம். கருத்துப் போயிருக்கிறேன், பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது.

எள்ளிலை ஊறுகாயை வேண்டாம் என்று சொல்கிற ஒரு பிறவி உலகத்தில் இருக்கிறதா? நம் அம்மா கையால் ஊறிய இலை ஒன்று கிடைத்தால் நான் இங்கே மூன்று தட்டுச் சோறு இறக்குவேன். அந்த அம்மாள் ஆப் செய்ய லாயக்கில்லை என்றாலும் சமையலுக்கு ஆகும்போல.

ஆனால் அணி வேலை வேறு, ஊறுகாய் வேறு. ஒரு வருடம் கல்லூரியில் குப்பை கொட்டியவன் என்கிற முறையில் ஒரு சட்டம் சொல்கிறேன். கூட்டத்துக்கு வராதவர் யாரானாலும், வகுப்பில் திரையில் காட்டுகிற விளக்கவுரையின் முதல் பக்கத்திலிருந்து பெயரைத் தூக்கிவிடு. தயவுதாட்சண்யம் கூடாது. நாங்கள் இரண்டு பேரைத் தூக்கினோம். ஒருவன் அழுதுகூடப் பார்த்தான், நாங்கள் மசியவில்லை.

11ஆம் தேதி சனிக்கிழமை அம்மா என்னைப் பார்க்க வருகிறாள். நீயும் வா. வறுத்த கோழி மறக்காதே, இரண்டாக வாங்கு.

எதிர்பார்த்துக்கொண்டு,
கியூசான்


குன்சான்
12 மே 2013

அண்ணாவுக்கு, நேற்று வரமுடியவில்லை. மன்னித்துக்கொள். நேற்றுதான் அணிக் கூட்டம், தேதியை மாற்ற முடியவில்லை. நீ இளைத்திருக்கிறாயா, கோழி ஆறிப்போய் வந்து சேர்ந்ததா, ஒன்றும் தெரியவில்லை. அம்மா இருட்டிய பிறகு வந்தாள், கால் வீங்கியிருந்தது, அப்படியே படுத்துவிட்டாள்.

கூட்டத்துக்கு அந்த அம்மா வரவில்லை. "வேற சோலி இருக்குப்பா, அன்னைக்கு மட்டும் விட்டுருங்க" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். என்ன சோலி என்று சொல்லவில்லை. கூ சீனியர் காத்திருந்து பார்த்துவிட்டு, "பெயரை எடுத்துடலாமா?" என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினால்தான் எடுப்பேன் என்றார். அராம் தூக்கினாள். அவரும் தூக்கினார். அப்புறம் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் தூக்கினேன். நீ சொன்ன சட்டம்தானே.

பெயர் இல்லாவிட்டால் மதிப்பெண்ணும் இல்லை. போகட்டும். அம்மா உன்னிடம் என்னவெல்லாம் பேசினாள்? எழுது. ஒன்று விடாமல் எழுது.

போரா


யாங்கு
12 மே 2013

அடி கள்ளி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டாயே. நான் நலம், மகா நலம். இரண்டு கோழியையும் ஒருவனாகத் தின்றேன்.

நேற்று காவல் அறையில் அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். அம்மா பையிலிருந்து எடுத்து நீட்டினாளாம். காவலுக்கு நின்ற பையன், "அம்மா, இது மாணவர் அட்டை. உங்க பொண்ணோடதை மாத்தி எடுத்துட்டு வந்துட்டீங்க" என்றானாம். "நல்லாப் பாருப்பா, படத்துல யாரு?" என்றாளாம். தவறுதலாகக் கொடுத்ததாகத்தான் என்னிடம் சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை. காட்டிக்கொள்ளத்தான் கொடுத்திருப்பாள்!

பிரிவே கொண்டாடிவிட்டது. தாக் கியூசானின் அம்மா கல்லூரி மாணவி! சார்ஜெண்ட்கூட வந்து கைகுலுக்கினார். உன் வகுப்பாமே, உன் பக்கத்திலேயே உட்காருகிறாளாமே. "போராதான் எல்லாம் சொல்லித் தர்றா. அவ இல்லன்னா நான் என்னைக்கோ நின்னுருப்பேன்" என்றாள். போரா, உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. இதுவரை உன்னைக் கிண்டல் செய்ததையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கட்டை தொலைக்கிற அம்மாளைப் பற்றியும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா, ஒருத்தங்க இருக்காங்க. பாவம்" என்றாள்.

கோழி ஏப்பத்துடன்,
கியூசான்


யாங்கு
19 மே 2013

போரா,

உன் 12ஆம் தேதிக் கடிதமும் என்னுடையதும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன்னுடையது வியாழக்கிழமை கிடைத்தது. நாலு தடவை படித்தேன்.

சனிக்கிழமை அந்த அம்மாவுக்கு என்ன சோலி என்று எனக்குத் தெரியும். விடியுமுன் பஸ் ஏறி, மூன்று பஸ் மாறி, மடியில் இரண்டு கோழியை வைத்துக்கொண்டு வந்தாள். உனக்கும் தெரியும்.

அவள் பேச்சைத்தான் நான் இருபது பேர் முன்னால் குரல் மாற்றி நடித்துக் காட்டினேன். அவர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் வாய்க்கொழுப்பு. யாரிடம் போய் என்ன சொல்லி அதை நிறுத்துவேன்? என் பழைய கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடு. அம்மா கண்ணில் பட்டுவிடப் போகிறது.

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

கியூசான்


குன்சான்
16 ஜூன் 2013

அண்ணாவுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன், அதுவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரியில் ஒரு பேராசிரியர் கடைக்கு நெத்திலி வாங்க வந்தவர், "நீங்களும் சேருங்களேன்" என்று பேச்சுக்குச் சொன்னார். அம்மா நிஜமாகவே சேர்ந்துவிட்டாள். முதல் பருவம் தாண்டட்டும், அப்புறம் கியூசானுக்குச் சொல்லலாம் என்றாள். முதல் நாள் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது நான்தான் சொன்னேன்: "உள்ள என்னைத் தெரியாத மாதிரி இரு." "அதுவும் சரிதான், உனக்குத் தோழிங்க வேணுமே" என்று சொல்லி எனக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தாள். வருகைப் பதிவில் நான் தாக், அவள் மா. கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்தானே அம்மாக்களுக்கு. யாருக்குச் சந்தேகம் வரும்?

செவ்வாய்க்கிழமை விளக்கவுரை நடந்தது. முதல் பக்கத்தில் மூன்றே பெயர்கள். அம்மா கடைசி வரிசையில் இருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு குனிந்து பையில் எதையோ தேடினாள்.

ஆப் ஓடிக்காட்ட வேண்டிய நேரத்தில் கூ சீனியரின் போன் அணைந்துவிட்டது. என் போனும் அராம் போனும் வேறு வகை, இந்த மென்பொருள் அதில் ஓடாது. பேராசிரியர், "யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டார். அம்மா எழுந்து வந்து, ஆப் ஏற்றியிருந்த தன் போனைக் கொடுத்தாள். அவள் போன் திரை அப்படியே சுவரில் பெரிதாகத் தெரிந்தது. பட்டனைத் தொட்டதும் பெயர்ப் பட்டியல் விரியும் என்று எழுதியிருந்தேன் இல்லையா. அதில் 'என் மகள்' என்று என் படத்தோடு இருக்கும். எனக்குத் தெரியும், நான்தான் போட்டுக்கொடுத்தேன்.

பட்டியல் விரிந்தது. அப்படி ஒரு பெயர் அதில் இல்லை. அம்மா 'என் மகன்' என்பதைத் தொட்டாள். நீ வீட்டில் விட்டுப்போன போனுக்கு 'வந்துட்டேன்' போயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள்.

பேராசிரியர், "நீங்களும் இந்த அணியா? பெயரைக் காணோமே" என்றார்.

"நான் ஒண்ணும் செய்யலைங்க சார். புள்ளைங்கதான் செஞ்சாங்க. கூட்டத்தன்னைக்கும் வரலை. பட்டாளத்துல பையன் இருக்கான், பாக்கப் போயிட்டேன்."

"அப்படியா. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?"

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன், அண்ணா. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரே பையன்தாங்க" என்றாள்.

கூ சீனியரின் முகம் செத்துப்போயிற்று. "பையனைப் பாக்கப் போறேன்னு சொல்லியிருக்கலாமேம்மா. எங்க அம்மாவும் இப்படித்தான் வருவாங்க" என்றார். முழுப் பெயர் என்ன என்று கேட்டார். மூன்று மாதமாக ஒரே அணி, அவருக்கு அதுவரை தெரியவில்லை. மா மல்சூன் என்றாள். இனிப் பெண் வேண்டாம் என்று அந்தக் காலத்தில் வைக்கிற பெயர் என்பது தெரிந்து நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும், முதல் பக்கத்தில் நாலாவதாக அதைச் சேர்த்தார். நான் அடுத்த பக்கத்துக்குத் தள்ளினேன்.

மறுநாள் கடையில் அம்மாவின் போன் மேசைமேல் இருந்தது. என் போனில் இருந்து அடித்துப் பார்த்தேன். 'கேஸ் கடை' என்று வந்தது, வாய்விட்டு வாசித்துவிட்டேன். நான் மாற்றச் சொல்லவில்லை, அண்ணா. சத்தியமாகச் சொல்லவில்லை. அவளாகவே மாற்றியிருக்கிறாள். "கேஸ் வந்துருச்சா?" என்று அம்மா உள்ளே இருந்து கேட்டாள். பிறகு வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு, போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என்னை மன்னித்துவிடு.

போரா


யாங்கு
30 ஜூன் 2013

போராவுக்கு, நான் நலம். மழை தொடங்கிவிட்டது.

என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். முகவரி தப்பு. அதுவும் போக, உன்னை மன்னிக்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. சட்டம் எழுதிக்கொடுத்தவன் நான். எங்கள் பிரிவில் எல்லோரையும் உட்காரவைத்து, அந்தக் கட்டை அம்மாள் யார் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது காது எரிந்தது. அம்மாவைக் கொண்டாடியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு யாரும் அதைச் சொல்வதில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சந்தையில் எல்லோரும் அம்மாவை மூத்த பிள்ளை பெயரைச் சொல்லி 'கியூசான் அம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். உனக்கு ஐந்து வயது. மீன்கடைக்காரர் முன்னால் தரையில் புரண்டு, "போரா அம்மான்னு சொல்லு, போரா அம்மான்னு சொல்லு" என்று அழுதாய். அந்த மனுஷன் இன்றைக்கும் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். இரண்டாம் பருவத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசிக்கிறாளாம். முட்டி வலிக்கிறதாம். வகுப்பில் எல்லோரும் அன்பாக இருக்கிறார்களாம். அவளைப் படிப்பை நிறுத்தவிடாதே. வேறென்ன சொல்ல?

கியூசான்


குன்சான்
3 செப்டம்பர் 2013

அண்ணாவுக்கு, நாங்கள் இருவரும் நலம். உன் அடுத்த விடுப்பு எப்போது? அம்மா எள்ளிலையை இப்போதே ஊறப்போட்டுவிட்டாள்.

நேற்று இரண்டாம் பருவம் தொடங்கியது. அம்மாவைப் போகச் சொல்லி நான் ஒரு மாதம் கெஞ்சினேன். ஏன் கெஞ்சுகிறேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கியதும் அவள் பழக்கப்படி பின்தங்கினாள். நான் நின்றேன். அவளும் நின்றுவிட்டாள், செருப்பைச் சரிசெய்கிற மாதிரி. நான் நடக்கிறவரை அவள் நகரவில்லை.

இந்தத் தடவை அணியை நாமே அமைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அராம் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். "சார், நான் எங்க அம்மாவோட அணியில இருக்கேன்" என்றேன்.

"எந்த அம்மா?" என்றார்.

"மா மல்சூன். என்னைப் பெத்த அம்மா."

கூ சீனியர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் கை தூக்கியது அவருக்கு நினைவு வந்திருக்கும். எனக்கு முகம் பற்றி எரிந்தது. அப்படியே நின்றேன்.

கடைசி வரிசையில் இருந்து அம்மா பதறிப்போய் எழுந்தாள். "அய்யோ, இல்லைங்க சார், தப்பா நினைச்சுக்காதீங்க. நல்ல புள்ளை, பாசத்துல அப்படிச் சொல்லுது. எனக்கு ஒரே பையன்தான்" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பேராசிரியரும் சிரித்தார். "இப்படி ஒரு மகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் மறுபடி மறுபடி சொன்னேன். சொல்லச் சொல்ல விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். குடும்ப அட்டையைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்றுகூடக் கேட்டேன், அதற்கும் சிரிப்புதான்.

போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேசைக்கு அடியில் முழங்கையால் என்னைத் தள்ளினாள். "போ, அந்தப் பொண்ணு உனக்காகக் காத்துட்டு இருக்கா, போ" என்று உதட்டை அசைக்காமல் சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் போனை எடுத்து 'கேஸ் கடை'யை அழித்துவிட்டு 'என் மகள்' என்று அடித்து, மேசைமேல் அவளுக்குத் தெரியும்படி வைத்தேன். அவள் யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இன்றைக்கும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். நாளைக்கும் உட்காருவேன். வகுப்பில் இன்னும் யாரும் நம்பவில்லை. கூ சீனியர் ஒருவர் மட்டும் நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன், என்னோடு பேசுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, தனக்கு எத்தனை பிள்ளைகள் என்று அம்மாவைக் கேள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

போரா